இரண்டு உதயங்கள் கண்ட ஆகாயவழி

இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்று வினவினால், மைல்களில் விடை கூறுவோரும் உளர். நாட்களில் விடை கூறுவோரும் உளர். மைல்கள் என்றும் மாறுவதில்லை. நாட்களோ காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. சிட்னி நகரிலிருந்து இலண்டன் மாநகருக்குள்ள தூரம், பூமியின் வளைவைத் தழுவி அளந்தால், ஏறத்தாழ 17,000 கிலோமீற்றர். மைல் கணக்கில் 10,500க்குச் சற்று மேல். பாய்க்கப்பல்கள் இத்தூரத்தை மாதக் கணக்கில் கடந்தன. நீராவிக் கப்பல்கள் வாரக் கணக்கிற் கடந்தன. ஆகாயவிமானம் வந்தபின் அது நாட்கணக்காயிற்று. ஆயினும் நாட்கள் குறைந்துகொண்டே வந்த இந்த வரலாற்றில், வழி முற்றாக அறுந்துபோன ஒரு காலமும் உண்டு. அறுந்த அவ்வழியை மீண்டும் முடிந்து கட்டிய இடங்களுள் ஒன்று இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலை வாவி என்பதைப் பலர் அறியார்.

1935 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனிலிருந்து இலண்டனுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் ஆகாயசேவை தொடங்கியது. பயணம் பன்னிரண்டரை நாள் நீடித்தது. 1938 இல் பெரிய பறக்கும் படகுகள் வந்தன. நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்கும் விமானங்களுக்குப் பறக்கும் படகு என்று பெயர். அவை சிட்னித் துறைமுகத்தில் எழுந்து இங்கிலாந்தின் சௌதாம்ரனில் இறங்க ஒன்பது பத்து நாட்கள் பிடித்தன. இந்நாட்களிற் பெரும்பகுதி பறப்பதற் கழியவில்லை. பகலிற் சில மணி நேரம் பறந்து, மாலையில் ஒரு துறையில் இறங்கி, பிரயாணிகள் நல்ல விடுதியில் உண்டு உறங்கி, காலையில் மறுபடி எழுவதே வழக்கம். டார்வின், திமோர், யாவா, சிங்கப்பூர், பினாங்கு, இரங்கூன், கல்கத்தா, கராச்சி எனக் கரையோரமாகக் கோத்த மாலை போன்றது அப்பாதை. அம்மாலையில் இலங்கைக்கு இடமிருக்கவில்லை. அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் கப்பல்கள் கொழும்பிற் கரி ஏற்றிச் சென்ற காலத்திலும், விமானங்கள் வங்காள விரிகுடாவின் வடகரையைச் சுற்றியே சென்றன. கடலைக் குறுக்கே கடக்கும் வலிமை அவற்றுக்கு அப்பொழுது இல்லை.

மாலையின் ஒரு மணி உதிர்ந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எண்ணியவர்களுள் பி. ஜீ. ரெயிலர் என்னும் அவுஸ்திரேலிய விமானி குறிப்பிடத்தக்கவர். யுத்தம் மூண்டு சிங்கப்பூர் வழி அடைபட்டால் இந்து சமுத்திரத்தை நேரே கடப்பதற்கு ஒரு வழி வேண்டும் என்பது அவர் கருத்து. 1939 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், றிச்சட் ஆர்ச்போல்ட் என்னும் அமெரிக்கருக்குச் சொந்தமான ‘கூபா’ என்ற பறக்கும் படகில், அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து கொக்கோஸ் தீவுகள், டியேகோ கார்சியா, சேஷெல்ஸ் வழியாக ஆபிரிக்காவின் மொம்பாசா வரை அக்கடலை ஆராய்ந்து பறந்தனர். அந்த விமானம் கற்றலீனா வகையைச் சேர்ந்தது. அவ்வகையின் பெயர் பின்னர் மீண்டும் வரும்.

ஆய்வு முடிந்து மூன்று மாதத்தில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. 1940 யூனில் இத்தாலியும் போரிற் புகவே, மத்தியதரைக் கடல் வழி மூடப்பட்டது. ஆகாயசேவை தென்னாபிரிக்காவின் டேர்பனிற் தொடங்கி, ஆபிரிக்காவின் நீளம் முழுவதும் வடக்கே ஏறி, எகிப்து, இந்தியா, சிங்கப்பூர் வழியாகச் சிட்னிக்கு இறங்கியது. வரைபடத்தில் அதன் வடிவம் குதிரைலாடம் போன்றிருந்தமையால் லாட வழி என்றே அதனை அழைத்தனர். அந்த லாடத்தின் கிழக்குக் கால் 1942 இன் தொடக்கத்தில் முறிந்தது. ஜனவரி 30 ஆம் திகதி ‘கோரியோ’ என்னும் குவாண்டாஸ் பறக்கும் படகைத் திமோருக்கு அண்மையில் யப்பானியப் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்த பதினெண்மரில் பதின்மூவர் மாண்டனர். பெப்ரவரி 15 இற் சிங்கப்பூர் வீழ்ந்தது. நான்கு நாட்களின் பின் டார்வின் நகர் மீது குண்டுகள் விழுந்தன. மார்ச் முடிவதற்குள் யாவா, இரங்கூன், அந்தமான், கிறிஸ்மஸ் தீவு யாவும் யப்பானியர் கையில்.

அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு நேர்வழியில் ஒரு கடிதமும் ஆகாயத்திற் செல்ல இயலாத நிலை அப்பொழுது உண்டாயிற்று. பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்கா வழியாகச் சுற்றிச் செல்லலாம். அல்லது கப்பலில் அனுப்பலாம். பேர்த் நகரின் துறைமுகமான பிறிமான்றிலிலிருந்து கொழும்புக்கு அமைதிக் காலத்துத் தபாற் கப்பல்கள் ஒன்பது பத்து நாட்களில் வந்தன. யுத்தகாலத்திலோ நீர்மூழ்கிகளுக்கு அஞ்சிக் கப்பல்கள் வளைந்து வளைந்து சென்றன.

அதே மாதங்களிற் கொக்கலையிலும் பெருமாற்றம் நிகழ்ந்தது. காலி நகருக்குத் தெற்கே, கடலுக்கு அணித்தாய், மண்மேடொன்றினாற் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் அமைதியான வாவி அது. நீண்டு பரந்த நீர்ப்பரப்பும், கடல் அலை தீண்டாத அமைதியும் பறக்கும் படகுகளுக்கு ஏற்றவை என்று கண்ட பிரித்தானிய விமானப்படை, 1942 இல் அங்கே தளம் அமைத்தது. வாவியைச் சூழ்ந்த கிராமத்தவர்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வீடு வாசல்களை விட்டு அகற்றப்பட்டனர். தென்னைகள் வெட்டப்பட்டன; வீடுகள் இடிக்கப்பட்டன. இடிபடாது தப்பியவற்றுள் ஒன்று, சிங்கள இலக்கியத்தின் தலைசிறந்த எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு. இன்று அதுவும் அதனையடுத்த நாட்டார் கலை நூதனசாலையும் பலரும் காணச் செல்லும் இடங்களாகும். ஆகாயசேவையின் வரலாற்றை எழுதியோர் விமானிகளின் பெயரை எல்லாம் குறித்து வைத்தனர். எழும்பிப் போகச் சொல்லப்பட்ட குடும்பங்களின் பெயர்கள் அந்நூல்களில் இல்லை.

தளம் அமைந்த சில நாட்களுள்ளேயே அதன் பயன் வெளிப்பட்டது. 1942 ஏப்ரில் 4 ஆம் திகதி, கொக்கலையிலிருந்து எழுந்த கற்றலீனா ஒன்றைச் செலுத்திய கனடிய விமானி லெனாட் பேர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில் யப்பானியப் பெருங்கடற்படையைக் கண்டார். கண்ட செய்தியை வானொலி மூலம் அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவருடைய விமானம் சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. உயிர் தப்பியோர் யுத்தம் முடியும் வரை சிறையிருந்தனர். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பும், 9 ஆம் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. முன்னறிவித்தல் கிடைத்தபடியாற் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்னரே விலகிச் சென்றிருந்தன. இந்தக் கடலின்மேற் பறப்பது எத்தகைய செயல் என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்று.

பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே நேர்தூரம் ஏறத்தாழ 3,500 மைல். அதாவது 5,650 கிலோமீற்றர். இடையில் இறங்குவதற்குத் துறை ஒன்றும் இல்லை. பாதிவழிக்கு அண்மையிற் கொக்கோஸ் தீவுகள் உண்டு. யுத்தகாலத்தில் அங்கே இலங்கைப் பீரங்கிப் படையினரும் காவலுக்கு நின்றனர். ஆயினும் யப்பானிய விமானங்கள் வந்து போகும் அத்தீவை நம்பி ஒரு கிழமைச் சேவையை நடத்த இயலாது. ஆகவே ஒரே மூச்சிற் கடப்பது என்று முடிவாயிற்று. குவாண்டாஸ் நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான ஹட்சன் பிஷ் இதற்காக விடாது முயன்றார். பிரித்தானிய விமான அமைச்சு கற்றலீனா விமானங்களை வழங்கியது. 1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் சேவை தொடங்கியது. தொடக்க காலப் பயணங்களைச் செலுத்தியவர்களுள் கப்டன் ரசல் டப் முக்கியமானவர்.

விமானங்கள் மொத்தம் ஐந்து. வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினர்: ஸ்பைக்கா, அந்தாரிஸ், அல்ரெயர், வேகா, றைஜல். இப்பெயர்கள் அயலாயினும் மீன்கள் அயலல்ல. ஸ்பைக்கா நமது சித்திரை; அந்தாரிஸ் கேட்டை; அல்ரெயர் திருவோணத்தின் நடுமீன்; வேகா அபிசித்து. றைஜல், திருவாதிரை இருக்கும் அதே மீன்கூட்டத்தில் எதிர்ப்புறம் ஒளிரும் நீலவெண் மீன். பஞ்சாங்கம் பார்ப்போருக்கு நாள்தோறும் பழகிய பெயர்கள், சமுத்திரத்தின் நடுவே வழி தேடிய விமானிகளுக்கும் துணையாயின.

துணை வேறு இருக்கவும் இல்லை. பகைவர் கேட்டுவிடுவர் என்று வானொலியை வாய்மூடி வைத்தனர். குறித்த வேளைகளில் மோர்ஸ் ஒலிக்குறியில் வரும் சுருக்கமான வானிலைச் செய்தியைத் தவிர, கரையோடு பேச்சில்லை. நான் இங்கிருக்கிறேன் என்று சொல்லவும் இயலாது. நீ எங்கிருக்கிறாய் என்று கேட்பாரும் இல்லை. விமானம் சென்ற வேகத்தையும் திசையையும் நேரத்தையும் கணக்கிட்டு, கடல் அலைகளைப் பார்த்துக் காற்று எவ்வளவு பக்கவாட்டிற் தள்ளுகிறது என்று மதித்து, இரவிற் செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் மீன்களின் உயரத்தை அளந்து இடத்தை அறிந்தனர். பேர்த்திற் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் தென்சிலுவை, வடக்கே வரவரத் தாழும். பூமத்தியரேகையைக் கடந்தபின் துருவமீன் எழும். கொக்கலை வட அகலக்கோடு ஆறு பாகையில் இருப்பதால், அங்கே துருவமீன் அடிவானத்தின்மேல் ஏறத்தாழ ஆறு பாகை உயரத்திலேயே நிற்கும். சிறிது மேகம் திரண்டாலும் அது மறைந்துவிடும். 3,500 மைல் பறந்து வந்து, கணக்கு ஒரு பாகை பிசகினால் அறுபது மைலுக்கு மேல் வழி தவறும் நிலை அது.

இத்துணைத் தூரத்தை ஒரே மூச்சிற் பறக்க, விமானத்தை வெறுங்கூடாக்கினர். கவசத் தகடுகளும் இன்றியமையாதன அல்லாத பிற பாரங்களும் கழற்றப்பட்டன. அவ்விடத்தில் மேலதிக எரிபொருட் தாங்கிகள் வைக்கப்பட்டன. புறப்படும்போது ஏறத்தாழ 2,000 கலன் பெற்றோல். விமானத்தின் மொத்த நிறை சுமார் 35,000 இறாத்தல். நிறையில் ஐந்திலிரண்டு பங்கு எரிபொருளே. இதற்குப் பின் எஞ்சிய இடம் மூன்று பிரயாணிகளுக்கும் 152 இறாத்தல் தபாலுக்கும் மாத்திரம். தபாலை மாத்திரம் கணக்கிற் கொண்டால், ஒரு இறாத்தல் கடிதத்துக்குத் தொண்ணூறு இறாத்தலுக்கும் மேற்பட்ட பெற்றோல் எரிந்தது. வியாபாரியின் கண்ணுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பையில் இருந்தவை அரசாங்கங்களின் இரகசியக் கடிதங்களும், படையினரின் கடிதங்களும். இருக்கைகளில் இருந்தோர் உயர் அதிகாரிகளும் படைத்தலைவர்களும். ஒரு மாதம் தாமதித்தாற் பயனற்றுப் போகும் காரியங்களுக்கே இவ்விடம் ஒதுக்கப்பட்டது.

நிறை மிகுந்த விமானம் பேர்த் நகரின் சுவான் ஆற்றில் நெடுந்தூரம் நீரைக் கிழித்தோடி மெதுவாகவே எழும். முதற் பல மணி நேரத்துக்குள் இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றுபோனால், மற்றது தனியே அந்தப் பாரத்தைத் தாங்காது. எரிபொருள் எரிந்து குறையக் குறையத்தான் ஆபத்தும் குறையும். இதனை விமானிகள் நன்கு அறிவர். பிரயாணிகளுக்கு எவ்வளவு சொல்லப்பட்டதோ!

இனி நேரக் கணக்கைப் பார்க்கலாம். 3,500 மைலை 28 மணி நேரத்திற் கடந்தால், வேகம் மணிக்கு 125 மைல். இன்றைய புகையிரதங்கள் சில இதனை எளிதில் முந்தும். காற்றுக்கேற்பப் பயணம் 27 முதல் 33 மணி வரை நீண்டது. தென்கிழக்கு வியாபாரக் காற்று இலங்கைக்கு வரும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளும். திரும்பிச் செல்வதை எதிர்த்து நிற்கும். குறிப்பேட்டிற் பதிவான மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம்.

மெதுவாகச் சென்றது விமானத்தின் குறை என்று கருதுவதற்கில்லை. புறப்படும் வேளையைத் தீர்மானித்தது பிரயாணிகளின் வசதியுமன்று. வந்துசேரும் துறையின் வசதியுமன்று. சுமாத்திராவிலும் அந்தமானிலும் இருந்த யப்பானிய விமானங்கள் உலாவும் பகுதியை இரவின் இருளிற் கடக்கவேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. துப்பாக்கி ஒன்றும் இல்லாத விமானத்துக்கு இருளே கவசம். ஆகவே முதற் பகலைத் தெற்கே பாதுகாப்பான கடலிற் கழித்து, இரவை அபாயப் பகுதியிற் கழித்து, மறு பகலில் இலங்கையை அணுகினர். பயணம் ஒரு முழு நாளுக்கும் மேற்பட்டமையால், ஆகாயத்தில் இருந்தபடியே இரண்டு முறை சூரியோதயத்தைக் கண்டனர். இரட்டை உதயம் என்று அச்சேவைக்குப் பெயர் வந்தது இதனாலேயே.

இரு உதயங்களுக்கும் இடையேயுள்ள நேரம் இரு திசையிலும் ஒன்றல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. பேர்த் நகர் கொக்கலைக்குக் கிழக்கே ஏறத்தாழ முப்பத்தைந்தரைப் பாகையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால் இரு இடங்களின் சூரிய நேரங்களுக்கும் 2 மணி 22 நிமிட வித்தியாசம். மேற்கே வரும் விமானம் சூரியனோடு சேர்ந்தே ஓடுவதால், அதிலுள்ளோருக்கு ஒரு உதயத்திலிருந்து மறு உதயம் வர 24 மணிக்கு மேலாகும். கிழக்கே செல்வோரைச் சூரியன் எதிர்கொண்டு வருவதால் அது குறையும்.

விமானத்தினுள்ளே சொகுசு ஒன்றும் இல்லை. மேலதிகத் தாங்கிகள் இடத்தை அடைத்துக்கொள்ள, மூன்று பிரயாணிகளும் ஒடுங்கிய கூட்டினுள் இயந்திரங்களின் இடையறாத இரைச்சலிலும் இரவின் குளிரிலும் முப்பது மணி நேரம் இருந்தனர். எரிபொருள் நாற்றம் எங்கும். இறங்கியபின் ஒவ்வொருவருக்கும் ‘இரட்டை உதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. ஒரு நாளுக்கு மேல் ஆகாயத்தில் இருந்தமைக்கான அத்தாட்சி அது. சேவையோ இரகசியம், அதற்குச் சான்றிதழோ அழகான தாளில்! யுத்தகாலத்து மனிதர்களுக்கும் நகைச்சுவை வற்றிவிடவில்லை. கொக்கலையில் இறங்கியோர் கராச்சி வழியாக இங்கிலாந்து நோக்கிச் சென்றனர். லாடத்தின் முறிந்த கால் இவ்வாறு வேறொரு வழியால் இணைக்கப்பட்டது.

1944 இல் லிபரேற்றர் என்னும் தரைவிமானங்களும் இவ்வழியிற் சேர்ந்தன. அவை அவுஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலுள்ள லேர்மன்ற் தளத்தில் எரிபொருள் நிரப்பி, அங்கிருந்து கடலைக் கடந்தன. பயண நேரம் ஏறத்தாழ 17 மணியாகக் குறைந்தது. இச்சேவைக்குக் கங்காருச் சேவை என்று பெயரிட்டனர். குவாண்டாஸ் விமானங்களிற் கங்காருச் சின்னம் முதன்முதல் இடம்பெற்றதும் அப்பொழுதே. 1945 மே மாத இறுதியில் லங்காஸ்திரியன் விமானங்கள் இரத்மலானை வழியாகச் சிட்னியையும் இங்கிலாந்தையும் ஏறத்தாழ மூன்று நாட்களில் இணைத்தன. ஆகாயக் கணக்கில் அவுஸ்திரேலியா ஒரு வாரத் தொலைவு அருகில் வந்துவிட்டது.

கற்றலீனாக்களின் கடைசிப் பயணம் 1945 யூலை 18 ஆம் திகதி நிகழ்ந்தது. இரண்டு ஆண்டுகளில் 271 முறை இந்து சமுத்திரத்தைக் கடந்தன. ஒரு விமானமும் இழக்கப்படவில்லை, ஓருயிரும் பலியாகவில்லை. மொத்தம் ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் மைல், பெரும்பாலும் ஓசையடங்கிய வானொலியோடு, பகைவரின் கண்ணிற் படாது. இத்தகைய சேவைக்குப் பின் அவ்விமானங்களை நூதனசாலையில் வைத்திருப்பார்கள் என்று எவரும் எண்ணுவர். யுத்தம் முடிந்ததும் ஒப்பந்த நிபந்தனைப்படி அவை அழிக்கப்பட்டன. பெரும்பாலானவை மேற்கு அவுஸ்திரேலியாவின் ரொட்னெஸ்ற் தீவுக்கு அப்பால் இழுத்துச் செல்லப்பட்டுக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. சித்திரையும் கேட்டையும் வானத்தில் நிற்க, அவற்றின் பெயரைத் தாங்கியவை சமுத்திரத்தின் அடியிற் சென்று சேர்ந்தன.

பின்னர் ஜெற் விமானங்கள் வந்தன. மணிக்கு 500 மைலுக்கு மேற் பறக்கும் அவற்றுக்குப் பேர்த்திலிருந்து இலங்கை ஏழெட்டு மணிப் பயணம். 1989 ஓகஸ்டில் குவாண்டாஸின் போயிங் 747 விமானம் ஒன்று, வெள்ளோட்டமாக, இலண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காது 20 மணி 9 நிமிடத்திற் சென்றது. 2018 மார்ச்சில் பேர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே, 14,498 கிலோமீற்றரை ஏறத்தாழ 17 மணியில் நேரே கடக்கும் பிரயாணிகள் சேவை தொடங்கியது. முன்பு கொக்கலையிலும் கராச்சியிலும் இறங்கிச் சென்ற வழிக்கு இப்பொழுது இடைத்தரிப்பு வேண்டியதில்லை.

சிட்னியிலிருந்து இலண்டனுக்கு நாள்தோறும் நேரே பறக்கவேண்டும் என்று அந்நிறுவனம் வகுத்த திட்டத்துக்கு ‘உதயத் திட்டம்’ என்று பெயர். கொக்கலை வழியை நினைவு கூர்ந்தே அப்பெயர் வைக்கப்பட்டது. அதற்கென 2022 இற் பன்னிரண்டு ஏயர்பஸ் ஏ350 விமானங்களுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டது. அதற்கு முன்னர், 2019 நவம்பரில் பரிசோதனையாக இலண்டனிலிருந்து எழுந்த ஒரு விமானம் 19 மணி 19 நிமிடத்திற் சிட்னியை அடைந்தது. அதிலிருந்தோரும் வானத்தில் இரண்டு உதயங்களைக் கண்டனர். ஆயினும் கற்றலீனாவின் 32 மணி 9 நிமிடத்தை அவர்களது பயணம் எட்டவில்லை.